தட்டில் ஏறி, தாளில் இறங்கிய எட்டுச் சுரங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, நாலு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு இசைத்தட்டைப் போட்டேன். பல வருடப் பழக்கம். தட்டு சுற்றியது, முள் இறங்கியது, யூஃபோனியம் என்ற பெரிய பித்தளைக் குழல் மட்டும் கீழே பொம் பொம் என்று நடந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஏறிப் போக வேண்டிய கார்னெட்டுகளை, அந்தச் சின்ன எக்காளங்களைக் காணோம். முள்ளைத் துடைத்தேன். ஸ்பீக்கர் ஒயரை ஆட்டினேன். போன மாதம் ரிப்பேர் பார்த்தவனை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். அப்புறம் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "ஏனுங்க, பாட்டு சரியா வருதுங்களா?" என்று கேட்டேன்.

வந்து நின்று கேட்டார். "ஜம்முனு வருது அம்மணி. சத்தத்தைக் கொஞ்சம் கொறை, பக்கத்து ஊட்டுக்காரங்க சண்டைக்கு வரப்போறாங்க" என்றார்.

கோளாறு தட்டில் இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சூலூரில் விசைத்தறி ஓடும் ஒரு தறிக்குடோனில் இருபத்து மூன்று வருடம் நான்கு தறி ஓட்டினவள் நான். குடோனுக்குள் யாரும் யாரோடும் சத்தமாகப் பேசுவதில்லை, தறிச் சத்தத்தில் பேசிப் பிரயோசனமும் இல்லை. உதட்டை அசைத்தால் போதும், எதிர்த் தறிக்காரி படித்துக்கொள்வாள். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாரோடு சண்டை, சாயங்காலம் என்ன குழம்பு, எல்லாம் உதட்டிலேயே போய் உதட்டிலேயே வந்துவிடும். காது போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமலே போனதற்கு அதுதான் காரணம். வெளியிலும் ஆட்களின் வாயைப் பார்த்தே காலத்தை ஓட்டிவிட்டேன். பாட்டுக்கு வாய் இல்லாததால் அதில் மாட்டிக்கொண்டேன்.

காது டாக்டர் கட்டம் போட்ட தாளில் ஒரு கோட்டைக் காட்டினார். இடப்பக்கம் ஒழுங்காக நடந்து வந்த கோடு வலப்பக்கம் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது. மேல் சத்தங்கள்தான் முதலில் போகும், கீழ்ச் சத்தங்கள் கடைசி வரைக்கும் இருக்கும் என்றார். காதுக்கு மிஷின் வைத்துப் பார்த்தேன். பேச்சுக்குத் தேவலை. கார்னெட் மட்டும் தகரத்தைக் கல்லில் தேய்ப்பது போலக் கேட்டது, ஏறுகிறதா இறங்குகிறதா என்றுகூடத் தெரியவில்லை. அதைக் கேட்பதற்குக் கேட்காமலே இருக்கலாம் என்று, பாட்டுப் போடும்போது மிஷினைக் கழற்றி வைத்துவிடுவேன்.

கோயிலில் பாடுவதையும் நிறுத்தியிருந்தேன். ஒரு நாள் நற்கருணை வாங்கும்போது பாடும் நன்மைப் பாட்டின் நடுவே முன் பெஞ்சுக்காரம்மா திரும்பி என்னைப் பார்த்தார். சுருதி தப்பிவிட்டது என்பது போலச் சின்னதாய்ச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொன்னதில்லை.

அந்த இசைத்தட்டு நம் பக்கத்து பேண்டு செட் ஒன்று வாசித்தது. சினிமாப் பாட்டு இல்லை. பேண்டு மாஸ்டர் தானே கட்டிய மெட்டு. ஒரு காலத்தில் கோயமுத்தூரில் அது ஒலிக்காத கல்யாண மண்டபம் கிடையாது. தியேட்டரில் படம் போடுவதற்கு முன்னால் ஜனங்கள் சீட்டுத் தேடும்போது அதைத்தான் போடுவார்கள். நான் படித்த கன்னியர் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பேண்டு இருந்தது, அதில் நான் முதல் கார்னெட். எங்கள் பேண்டு டீச்சர் அந்தப் பாட்டின் நோட்ஸ் புத்தகத்தைத் தேடி ஊரெல்லாம் அலைந்தார். தீர்ந்துபோய்விட்டது, இனி அச்சிட மாட்டோம் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, காதால் பிடித்து வாசித்தோம். தாளில் அந்தப் பாட்டை நான் பார்த்ததே இல்லை.

அந்த பேண்டு செட்டை நேரில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். எங்கள் கோயில் தேர்பவனிக்கு வந்திருந்தார்கள். சாயங்கால வெயில் பித்தளையில் பட்டுக் கண் கூசியது. கார்னெட்டின் மேல் சின்னக் கம்பியில் புத்தகத்தைச் செருகி, அதைப் பார்த்தே வாசித்துக்கொண்டு நடந்தார்கள். பாட்டின் பின்பாதியில் மெட்டு மெல்ல ஏறும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடினார்கள். நடந்தபடியே, ஒருவர் பாக்கியில்லாமல். எட்டுச் சுரம் முடிந்ததும் எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். அவ்வளவு சுகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பதினாலு வயது, எனக்கும் அந்த இடத்தில் அப்படித்தான் இருந்தது.

தறி ஓட்டிய வருடங்களில் கார்னெட்டைத் தொட்டதில்லை. ஆனால் மத்தியான வேளையில், பாவு நூல் அறாமல் நாலு தறியும் ஒழுங்காக ஓடும்போது, அந்த இரைச்சலுக்கு உள்ளேயிருந்து பாட்டு வரும். நான் கூப்பிட்டு வராது, அதுவாக வரும். யூஃபோனியம் முதல் தறியில், கிளாரினெட் இரண்டாவதில், நான் நின்ற இடத்தில் கார்னெட். பஞ்சுத்தூசி வெயிலில் மிதந்துகொண்டிருக்கும். வலது கை மூன்று விரலும் தறி மரத்தில் வால்வை அழுத்துவதுபோல் அழுந்திக்கொண்டிருக்கும். சூப்பர்வைசர் ஒரு நாள் உதட்டால் கேட்டார்: கையில் என்ன வலியா? ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

காது போனது போகட்டும், தலைக்குள் இருக்கிற பாட்டாவது மிஞ்சுமா என்பதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. இதுவரை வாரம் ஒரு தடவை தட்டைக் கேட்டு உள்ளே இருப்பதைச் சரிபார்த்து வந்தேன். இனிமேல் எதை வைத்துச் சரிபார்ப்பது? ஒவ்வொரு வாரமும் ஒரு சுரம் நழுவினாலும் எனக்குத் தெரியாது. தப்பான பாட்டைச் சரி என்று நம்பிக்கொண்டே செத்துப்போவேன். அதை நினைத்தாலே அழுகை வந்தது. கண்ணால் படிக்கிற மாதிரி அந்தப் பாட்டு எனக்கு வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இசைத்தட்டு உறையின் பின்பக்கத்தில், இந்தப் பாட்டுகளின் நோட்ஸ் புத்தகமாகக் கிடைக்கும் என்று பொடி எழுத்தில் டவுன்ஹால் பக்கத்து அச்சகம் ஒன்றின் விலாசம் இருந்தது. வீட்டுக்காரர் மொபெட்டில் கூட்டிப்போனார். அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். இசைக்கருவிக் கடையில் கேட்டேன். "செல்லுல தேடுங்க அக்கா, எல்லாமே கெடைக்கும்" என்றார்கள். தேடினேன். வெள்ளைக்கார பேண்டுகளின் பழைய புத்தகங்களை வாங்கவும் விற்கவும் ஆட்கள் இருக்கிறார்கள், படம் போட்டு அழகாக வைத்திருக்கிறார்கள். நம் ஊர் மாஸ்டரை அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் செல்லைச் சோபாவில் எறிந்தேன்.

தறியை விட்ட பிறகு பீளமேட்டுக்குக் குடிவந்து, காலேஜ் எதிரில் சொந்தக்காரர் ஒருவரின் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். அன்றைக்கு மிஷினுக்கு இங்க் வாங்கக் காந்திபுரம் போயிருந்தேன். ஆடி மாதம். காற்றும் தூறலும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு லாட்ஜுக்கு மேல் மாடியில் பேண்டு செட் போர்டு தெரிந்தது. நூறு தடவை பார்த்த போர்டுதான். அன்றைக்கு ஏனோ படியேறினேன்.

ஆடியில் கல்யாணம் இல்லை என்பதால் சிவப்புக் கோட்டுகளையெல்லாம் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் கைகள் மட்டும் ஆடின. செட்டின் முதலாளி நான் சொன்ன பாட்டைக் கேட்டதும் எழுந்து போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே, அட்டை கிழிந்து, கையளவில், அந்தப் புத்தகம். முதல் கார்னெட்டுக்கானது. அட்டையை விரலால் தடவினேன்.

"எங்கப்பா காலத்துப் பொஸ்தகமுங்க. குடுக்க முடியாது, கோவிச்சுக்காதீங்க அம்மணி" என்றார்.

"குடுக்க வேண்டாமுங்க. கீழ போய் ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துபோடறேன்."

அவரும் கூடவே வந்தார். மிஷின் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பக்கத்துக்கும் புத்தகத்தைத் தானே திருப்பி வைத்தார். ஜெராக்ஸ்காரர் மூடியை அமுக்கிய அமுக்கலில் எனக்குப் பொறுக்கவில்லை. "மெதுவாங்க, முதுகு ஒடஞ்சுபோகும்" என்று சத்தம் போட்டேன். என் தொழிலை எனக்குச் சொல்லித்தருகிறாளா என்பது போல அவர் பார்த்தார். பார்க்கட்டும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தாளைப் பிரித்தேன். எத்தனையோ வருடமாக ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷன் படிக்காதவள், முதல் வரிக்குத் தடுமாறினேன். இரண்டாம் வரியில் விரல்கள் தாமாக நினைவுபடுத்திக்கொண்டன. மூன்றாம் வரியில் கார்னெட் கேட்டது. நிஜமாகவே கேட்டது. தகரமாக இல்லை, தூரத்துத் தெருவில் தேர் வருகிறபோது கேட்குமே, அந்தப் பழைய பொன் சத்தம். கண்டக்டர் வாயசைத்ததும், பக்கத்தில் ஒரு பெண் ஈரக் குடையோடு உட்கார்ந்ததும், என் ஸ்டாப் வந்ததும் போனதும் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நடப்பது போல இருந்தன. நான் பதினாலு வயசில் வீதியில் நின்றுகொண்டிருந்தேன்.

பின்பாதி வந்தது. மெட்டு ஏறும் இடம் வந்தது. தாளில் சுரங்கள் இறங்கின.

திரும்பப் படித்தேன். கோடு போட்டுப் பிரித்த அந்த இரண்டு கட்டத்திலும், எட்டுச் சுரம், படிப்படியாகக் கீழே போகிறது. எனக்குள் அது மேலே போகிறது. பள்ளியில் மேலே போனது. தறிக்குடோனில் இருபத்து மூன்று வருடமும் மேலேதான் போனது. அல்லது போனதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேனோ? அச்சிட்டவர்கள் பாட்டைக் கட்டியவர் கொடுத்ததைத்தானே அச்சிட்டிருப்பார்கள். அப்படியானால் நழுவ ஆரம்பித்துவிட்டது. நான் பயந்த மாதிரியே, எனக்குத் தெரியாமலே. விமான நிலையம் தாண்டி இறங்கி, தூறலில் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்காரரை உட்காரவைத்து, தட்டைப் போட்டு, அந்த இடம் வந்ததும் தொடையைத் தட்டி, "மேல போகுதுங்களா, கீழ போகுதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார். "நல்லாத்தான் போகுது அம்மணி."

"நல்லாப் போறது இருக்கட்டும். மேலயா, கீழயா?"

"மேலயும் போகுது, கீழயும் வருது. பாட்டுன்னா அப்படித்தான?" என்றார் பாவம். அவர் காதுக்கு ஹாரனும் நாதஸ்வரமும் ஒன்று. கட்டின நாளிலிருந்து தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் அன்று ராத்திரி அவரோடு பேசவில்லை.

கடைக்கு வருகிற காலேஜ் பிள்ளைகளில் கீபோர்டு வாசிக்கிறவர்கள் எத்தனையோ பேர். தட்டை ஒரு தடவை கேட்டுச் சொல் என்றால் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். பல தடவை வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கீழே என்று யாராவது சொல்லிவிட்டால் அதற்கப்புறம் எனக்குள் இருப்பதில் எதை நம்புவது? சிவப்புப் பேனாவால் அந்த இரண்டு கட்டத்தையும் சுற்றி வட்டம் போட்டு, தாளை மடித்து மேஜை டிராயரில் வைத்தேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டைப் போடவில்லை. தலைக்குள் பாட்டு வந்தாலும் அந்த இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடுவேன்.

ஒரு மாதத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. காந்திபுரத்து செட்டுக்காரரிடம் திரும்பப் போய்த் தாளைக் காட்டினேன். "நாங்க எப்பவும் இப்படித்தான் ஊதறோமுங்க, பொஸ்தகத்துல உள்ளபடி" என்றார். என் முகம் விழுந்ததைப் பார்த்திருக்க வேண்டும். "அந்தப் பழைய செட்டுல முதல் கார்னெட் வாசிச்சவரு ஒருத்தரு சூலூர்ல இருக்காருங்க. அவரொருத்தர்தான் பாக்கி" என்று வழி சொன்னார். அவர் சொன்ன வழி என் பழைய தறிக்குடோன் இருந்த தெரு. இருபத்து மூன்று வருடம் அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போயிருக்கிறேன். அவர் தினமும் சாதகம் பண்ணியிருப்பார், தறிச் சத்தத்தில் எனக்கு ஒரு சுரம்கூட வந்து சேரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, டீ குடிக்கப் போனார். பெரியவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். எண்பது வயதிருக்கும். அவர் மனைவி எனக்கு முக்காலி போட்டார். பெரியவர் ஏதோ சொன்னார், எனக்குப் பிடிபடவில்லை. வாயில் ஒரு பல்கூட இல்லை. பல் இல்லாத வாயின் உதட்டைப் படிக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிர்க் குடோனில் தறிகள் வேறு ஓடிக்கொண்டிருந்தன, காது மிஷினில் அந்த இரைச்சல்தான் நிறைந்தது. நான் திகைத்து நின்றதைப் பார்த்த அந்த அம்மா சத்தமே இல்லாமல் உதட்டை அசைத்தார்: தறி ஓட்டினியா கண்ணு?

"ஆமாங்க அக்கா" என்றேன். அவரும் ஓட்டினவர்தான். அதற்கப்புறம் பெரியவர் சொன்னதையெல்லாம் அவர் உதட்டால் எனக்குச் சொன்னார்.

தாளை நீட்டினேன். பெரியவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்த உடனே முகம் மாறியது. கார்னெட்டை எப்போதோ கொடுத்துவிட்டாராம், பல் போன பிறகு ஊதவும் வராது. நாற்காலியின் கைப்பிடியில் வலது கையின் மூன்று விரலை வைத்தார். தாளை மடியில் விரித்துக்கொண்டு, முதல் சுரத்திலிருந்து விரலாலேயே வாசிக்க ஆரம்பித்தார்.

கார்னெட்டில் மூன்றே வால்வு. எது அழுந்துகிறது, எது எழுகிறது என்று பார்த்தால் தெரிந்தவர்களுக்குச் சுரம் தெரிந்துவிடும். நான் அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு வந்துகொண்டிருந்தது. முன்பாதி முடிந்தது. தாளில் உள்ளபடி இறங்கினால் நாலாவது சுரத்தில் மோதிர விரல் அழுந்த வேண்டும். ஏறினால் மோதிர விரலுக்கு வேலையே இல்லை. ஒரே ஒரு விரலில் நின்றது என் கதை.

அந்த இடம் வந்தது. பெரியவர் கண்ணை மூடினார்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அழுந்தின. பிறகு நடுவிரல் மட்டும். பிறகு எல்லா விரலும் எழுந்து நின்றன. மோதிர விரல் அசையவே இல்லை. மெட்டு மேலே போய்விட்டது. எட்டுச் சுரம் முடிந்ததும் கண்ணைத் திறந்து, தாளைப் பார்த்து, மேலே வாசித்தார்.

நான் அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிற்கவில்லை. "என்னாச்சு கண்ணு?" என்றார் அந்த அம்மா. சிவப்பு வட்டத்தைத் தொட்டுக் காட்டி, தாள் கீழே போகிறதே என்றேன். பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த அம்மாவின் உதடு அதை எனக்குச் சொன்னது.

"எல்லாரும் பொஸ்தகம் போடு போடுன்னு மாஸ்டரைப் புடுங்கி எடுத்தாங்களாம். பாட்டு வேற செட்டுக்குப் போயிருமேன்னு அவருக்கு மனசே இல்லியாம். சரீன்னு எழுதிக் குடுத்தாரு, அந்த ரெண்டு கட்டத்தை மட்டும் மாத்திப்போட்டுக் குடுத்துட்டாரு. எவன் தாளைப் பாத்து ஊதறான்னு அந்த எடத்துல தெரிஞ்சுபோகுமல்ல. எங்க செட்டுக்கும் அதே பொஸ்தகந்தான் கண்ணு. அந்த எடம் வந்தா கண்ணை மூடிக்கோணுமுன்னு மாஸ்டர் உத்தரவு. தொறந்து வெச்சிருந்தா கை தாளு பின்னால போயிருமாம்."

காந்திபுரத்து செட்டு இன்னும் புத்தகத்தில் உள்ளபடிதான் ஊதுகிறது என்றேன். பெரியவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அந்த அம்மா உச்சந்தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

அப்புறம் பெரியவர் தன் வாயைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினார். என் வாயைச் சுட்டிக்காட்டினார். தன் காதைத் தொட்டார். நீ பாடு, நான் கேட்கிறேன் என்கிறார் என்று எனக்கே புரிந்தது. கோயிலில் பாடுவதை விட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. முன் பெஞ்சுக்காரம்மாவின் முகம் வந்து நின்றது. தலையை ஆட்டி மறுத்தேன். அவர் விடவில்லை, மூன்று விரலையும் கைப்பிடியில் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

லா லா என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்குக் கேட்கவில்லை, தொண்டையில் அதிர்வது மட்டும் தெரிந்தது. எதிர்க் குடோனில் தறி ஓடியது. பெரியவரின் விரல் என்னோடு கூடவே வந்தது, எங்கேயும் நிற்கவில்லை, எங்கேயும் திருத்தவில்லை. டீக்கடையிலிருந்து திரும்பிய வீட்டுக்காரர் மொபெட்டை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார். மடியில் தாள் விரிந்து கிடந்தது. அந்த இடம் நெருங்கியது. பெரியவர் கண்ணை மூடினார். நானும் மூடிக்கொண்டு மேலே போனேன்.